அண்ணி பெயரில் ஏழு பேர்

காலையில் ஸ்டோரைத் திறந்ததும் அண்ணி முதலில் கம்ப்யூட்டரைப் போடுவாள். அது கண் விழிப்பதற்குள் கவுண்டர் ஜன்னலைத் துடைத்து, டீக்குத் தண்ணீர் வைத்து, நேற்றைய அட்டைப்பெட்டிகளைத் தட்டையாக்கி மூலையில் சாய்த்துவிடலாம். பிறகு பாஸ்வேர்டைத் தட்டி ஸ்டோர் புரோகிராமைத் தொடுவாள். திரை நடுவே ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். டீ குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும். ஒருவழியாகத் திறந்ததும் மேல் ஓரத்தில் அண்ணியின் பெயர் தெரியும். அன்று முழுவதும் அந்தப் பெயரை யாரும் மூட மாட்டார்கள்.

அது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளம். கையுறை, ஊசி, டிரிப் குழாய், பஞ்சு, தையல் நூல் என்று மேலே எந்த மாடியில் எது தீர்ந்தாலும் இங்கே வந்துதான் வாங்கிப் போக வேண்டும். ஸ்டோரில் ஏழு பேர், ஒரே கம்ப்யூட்டர். பொருளை எடுத்துக் கொடுப்பவன் எவனோ அவனே பதிவும் போட வேண்டும் என்பது சட்டம். ஆளாளுக்கு லாகின் உண்டு. ஆனால் ஒருத்தர் வெளியேறி இன்னொருத்தர் நுழைவதற்குள் வட்டம் சுற்றுகிற சுற்றில் வரிசை லிஃப்ட் வரை போய்விடும். வார்டு ஆட்கள் ஜன்னல் கம்பியைத் தட்டுவார்கள். அதனால் ஏழு பேரும் அண்ணி பெயரிலேயே போட்டார்கள், அவள் பாஸ்வேர்டு எல்லோருக்கும் மனப்பாடம். ஆரம்பத்தில் ஒருமுறை ஐ.டி.க்கு போன் போட்டுக் கேட்டதற்கு, "இப்போதைக்கு ஒரே லாகின்ல போடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்கள். அந்த அப்புறம் வரவே இல்லை.

அவளை எல்லோரும் அண்ணி என்று கூப்பிடுவதற்குக் காரணம் அவளுடைய கொழுந்தன். வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர். அண்ணிதான் சொல்லி அவனை ஸ்டோரில் சேர்த்துவிட்டாள். முதல் நாள் எல்லோர் முன்னாலும் "அண்ணி, இந்தப் பெட்டிய எங்க வைக்கட்டும்?" என்று கேட்டான். மறுநாளிலிருந்து அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவள் அண்ணிதான்.

ஐ.டி. ஒரு காலத்தில் ஜெனரேட்டர் ரூமுக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டே பேர். மானிட்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறுவார்கள், நர்ஸம்மாக்கள் விரட்டுவார்கள். இப்போது நாலாவது மாடியில் கண்ணாடிக் கதவுக்குள் இருக்கிறது. கார்டு காட்டினால்தான் திறக்கும். எந்த வார்டுக்கு எத்தனை கட்டில், யாருக்கு எந்த ஷிப்ட், எந்த மருந்தை நிறுத்தலாம் என்பதெல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு திரையில் முடிவாகிறது. அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒன்று சொன்னால் இன்னொரு டாக்டரிடம் கேட்பார்கள். ஐ.டி. சொன்னால் யாரிடமும் கேட்க மாட்டார்கள்.

அதன் தலைவருக்கு ஸ்டோரில் வைத்த பெயர் சிக்னல். எதைக் கேட்டாலும் பச்சையிலும் சிவப்பிலும்தான் பதில் சொல்வார். அவரிடமிருந்து அண்ணிக்கு ஒருநாள் அழைப்பு வந்தது.

"என்ன அண்ணி, எதையாவது அமுக்கித் தொலைச்சிட்டீங்களா?" என்றான் சின்னவன்.

"நான் எங்கடா அமுக்கினேன். நீங்கதான் எப்பப் பாரு என் பேர்ல அமுக்கிட்டிருக்கீங்க."

மேலே சிக்னல் எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். அண்ணி அதன் நுனியில் உட்கார்ந்தாள். மரியாதை கூடினால் ஏதோ வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும்.

"உங்களப் பாக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன் மேடம்." திரையை அவள் பக்கம் திருப்பினார். கூரையைத் தொடுகிற மாதிரி ஒரு பச்சைத் தூண். அதன் காலடியில் ஆறு சிவப்புக் கோடுகள், தரையோடு தரையாக. "இது நீங்க. இது உங்க ஸ்டோர்ல இருக்கற மத்த ஆறு பேரு."

அண்ணி அந்தத் தூணைப் பார்த்தாள்.

"சாப்பாட்டு நேரத்துல கூட என்ட்ரி போட்டிருக்கீங்க. அத விடுங்க. போன வருஷம் லீவு போட்டிருந்தீங்க இல்ல? லீவுலயும் போட்டிருக்கீங்க. வீட்லேர்ந்தா?"

"இல்ல சார். அது…"

"தெரியும், சொல்லிக்க மாட்டீங்க. உங்கள மாதிரி ஆளுங்க சொல்லிக்க மாட்டாங்க." அவர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். அந்த ஆறு பேரை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி என்ன செய்வது என்று நிர்வாகம் கேட்கிறது. மாதக் கடைசியில் அவர்களுக்குக் கணக்கு முடித்துவிடுவார்கள். அண்ணி ஸ்டோர் மேற்பார்வையாளர் ஆவாள். உதவிக்கு வெளியிலிருந்து இரண்டு பேர் வருவார்கள். "அதுவரைக்கும் இது நமக்குள்ள இருக்கட்டும் மேடம்."

அந்த லீவு நாட்களில் அண்ணி எங்கே இருந்தாள் என்பது அவருக்குத் தெரியாது. இதே ஆஸ்பத்திரியில், மூன்றாவது மாடி ஆபரேஷன் தியேட்டரில், பித்தப்பையை எடுப்பதற்காக மேஜையில் மயங்கிக் கிடந்தாள். அவளுக்கு வயிற்றைத் திறந்தவர் போட்டிருந்த கையுறையையும் அவள் பெயரில்தான் கொடுத்திருந்தார்கள்.

லிஃப்டில் ஏறாமல் படியில் இறங்கினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ரீஸ்டார்ட் எதிரே வந்தான். பழைய ஐ.டி. ஆட்களில் மிச்சமிருப்பவன் அவன் ஒருவன்தான். எந்தப் புகாருக்கும் முதலில் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லிச் சொல்லி அந்தப் பெயரை வாங்கிக்கொண்டான். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

அவன் சுவரில் சாய்ந்தான். "நான்தான் அந்த ரிப்போர்ட்ட எடுத்துக் குடுத்தேன். எதுக்குன்னு சொல்லல. எங்களுக்கு எப்பவும் எதுக்குன்னு சொல்ல மாட்டாங்க."

"நீ அவர்கிட்ட சொல்லேன். எல்லாரும் ஒரே பேர்ல போடறது உனக்குத் தெரியும்தானே. ஒரே லாகின்ல போடச் சொன்னதே உங்க ஆளுங்கதான்."

"போன்ல சொன்னதுக்கு என்ன ஆதாரம் இருக்கு அண்ணி? ஆனா நீங்க ஒத்துக்கிட்டதுக்கு இருக்கு. பாஸ்வேர்ட யாருக்கும் குடுக்க மாட்டேன், குடுத்தா நடவடிக்கை எடுக்கலாம்னு திரையில ஒரு பக்கம் வந்துதுல்ல? சம்மதம்னு அமுக்கியிருக்கீங்க."

"நான் அமுக்கல."

"வேற யாரு?"

அண்ணி யோசித்தாள். அன்று வரிசை நீளம். அந்தப் பக்கம் திரையை மறைத்துக்கொண்டு நின்றது, சம்மதம் சொல்லாமல் உள்ளே விடவில்லை. படிக்க யாருக்கும் நேரமில்லை. அமுக்கியது சின்னவன். ஆறு பேரும் எதற்கும் சம்மதிக்கவில்லை. சம்மதித்தவள் அவள் ஒருத்திதான், அதுவும் அடுத்தவன் விரலால்.

"அந்த ரிப்போர்ட்ட மாத்த முடியாதா?"

"அதுல பொய் ஒண்ணும் இல்லயே. உங்க பேர்ல எத்தன இருக்கோ அத்தன காட்டுது." அவன் கண்ணைத் தேய்த்துக்கொண்டான். "வாய மூடிட்டு இருந்தா மேற்பார்வையாளர். தெறந்தா வெளிய. எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதான் அண்ணி."

வீட்டில் கீழ்ப்பகுதி அண்ணிக்கும் அவள் கணவனுக்கும், மேலே ஒரே அறை சின்னவனுக்கும் அவன் மனைவிக்கும். சமையல் ஒன்றுதான். சின்னவன் மனைவிக்கு நிறைமாதம். தையல் கம்பெனியில் நின்றுகொண்டே வேலை, கால் வீங்கிப்போய் முந்தின வாரம்தான் வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"இனிமே நான் மகாராணி அக்கா," என்று சோபாவில் காலை நீட்டிக்கொண்டு சொன்னாள். "சம்பாதிக்கறது அவரு, சமைக்கறது நீங்க. எனக்குப் பெத்துப் போடற வேல மட்டும்தான்."

"அது சின்ன வேலையா?" என்றாள் அண்ணி.

சின்னவன் சட்டையை விலக்கி அண்ணனிடம் தோளைக் காட்டினான். பெட்டி தூக்கித் தூக்கி அந்த இடம் தடித்துக் கறுத்திருந்தது. "இன்னிக்கு மட்டும் எத்தன பெட்டி தெரியுமா? முதுகு விட்டுப்போச்சு."

"யாரு கேட்டா?" அண்ணியின் கணவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவன், மென்றுகொண்டே பேசுவான். "ஆஸ்பத்திரில பாதி வேலைய உன் அண்ணி ஒருத்தியே செய்றான்னு நினைச்சிட்டிருந்தேன்."

சும்மா சொன்னதுதான். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குப் போகவில்லை. திரையில் பார்த்த சிவப்புக் கோடுகளில் இவன் எது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே உயரம்.

உடனே போய்ச் சொல்லிவிட்டாள் என்றால் அது பொய். நாலைந்து நாள் பேசாமல் இருந்தாள். மேற்பார்வையாளர் என்றால் உட்கார்ந்த வேலை. அவளுக்கும் முட்டி வலி உண்டு. சின்னவனை மட்டும் எப்படியாவது அந்த வெளியாள் இரண்டு பேரில் ஒருவனாகச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்றுகூடக் கணக்குப் போட்டாள். மற்ற ஐந்து பேரும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, அவள் தோளுக்கு மேலே கையை நீட்டி, அவள் பெயரில் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வேலையினூடே அவளுக்கும் சேர்த்து டீ ஊற்றி வைத்தான். அந்த டீதான் இறங்கவில்லை. எதையும் முடிவு செய்ததாக அவளுக்கு நினைவில்லை. சாப்பாட்டு நேரத்தில் படியேறிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

சிக்னல் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார்.

"அந்த லீவுல நான் மேஜைமேல மயக்கத்துல இருந்தேன் சார். கேஸ் பேப்பர் உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கும். எடுத்துப் பாருங்க."

அவர் எடுத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, கூட்டிய கணக்கு தப்பிவிட்டவனின் அலுப்புதான் இருந்தது.

"அப்ப இந்த ஆறு பேரும்?"

"அவங்கவங்க வேலைய அவங்கவங்க செஞ்சாங்க. என் பேர்ல செஞ்சாங்க."

"ரிப்போர்ட் நிர்வாகத்துக்குப் போயிடுச்சு மேடம்."

"திரும்ப வாங்கிக்கங்க."

"வாங்கிக்கறேன். தப்பான ரிப்போர்ட்ட வெச்சு ஆறு பேர அனுப்பினா நாளைக்கு என் தலைதான் உருளும்." விரலால் மேஜையைத் தட்டினார். "ஆனா ஏன் தப்புன்னு எழுதணும். எழுதினா உங்க பேர் வரும். வேற வழியில்ல, புரியுதா?"

"ஒருநாள் காலையில கீழ வந்து நின்னு பாருங்க சார். ஏன்னு உங்களுக்கே புரியும்."

"வரேன்" என்றார். அவர் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அடித்தளத்துக்கு இறங்கியதே இல்லை.

மறுநாள் காலை வாசலில் அவள் கார்டு வேலை செய்யவில்லை. காவலாளி தெரிந்தவர்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டு கடிதத்தை நீட்டினார். விசாரணை முடியும்வரை பணியிடை நீக்கம். அவளுக்குப் பின்னால் வந்த சின்னவனின் கார்டுக்குக் கதவு திறந்தது. அவன் உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றான்.

"என்ன அண்ணி இது?"

"ஒண்ணுமில்ல. நீ போய் வேலையப் பாரு. சாயங்காலம் சொல்றேன்."

வீட்டுக்கு வந்து துவைத்த துணிகளைக் கொட்டி மடிக்க ஆரம்பித்தாள். பகலில் அந்த வீட்டில் வெயில் எந்தப் பக்கம் விழும் என்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. சின்னவன் மனைவி மேலேயிருந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி வந்தாள்.

"என்னக்கா, லீவா? சொல்லவேயில்ல?"

"லீவு மாதிரிதான்."

"நல்லதாப் போச்சு, எனக்குப் பேச்சுத்துணை."

பாதித் துணி மடிப்பதற்குள் அண்ணியின் போன் கிணுக்கென்றது. ஒரு எண். அதன் கீழே, இந்த எண்ணை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று ஒரு வரி. அவள் அதைப் படித்து முடிக்கும் முன் போன் அடித்தது. சின்னவன். அவன் பின்னால் சந்தைக்கடை இரைச்சல்.

"அண்ணி, உங்க போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும். சொல்லுங்க, சீக்கிரம்."

"என்னைத்தான் வெளிய போகச் சொல்லிட்டாங்களே?"

"உங்களத்தான் வெளிய போகச் சொன்னாங்க. உங்க லாகின உள்ள வரச் சொல்றாங்க. இங்க ஒண்ணும் ஓடல அண்ணி. வரிசை லிஃப்டத் தாண்டிப் போயிட்டிருக்கு. பதிவு போடாம ஒரு பஞ்சு கூடக் குடுக்கக் கூடாதாம்."

"உங்களுக்கெல்லாம் லாகின் இருக்குல்ல? அதுல போடுங்க."

போன் கைமாறியது. ரீஸ்டார்ட் பேசினான். "ரொம்ப நாளா யாரும் அதுல நுழையலன்னு ஆறையும் சிஸ்டமே பூட்டிடுச்சு அண்ணி. தெறக்கணும்னா ஸ்டோர் பொறுப்பாளர் உள்ள வந்து சரின்னு அமுக்கணும்."

"யாரு பொறுப்பாளர்?"

"சிஸ்டம் உங்களத்தான் சொல்லுது, தினமும் நுழையறது நீங்க ஒருத்தர்தானாம். அதான் உங்க லாகின மட்டும் மறுபடி தெறந்தேன். புது பாஸ்வேர்டு கேட்டுது, நம்பர உங்களுக்கு அனுப்பிடுச்சு."

அண்ணி மடித்த துணியை மடியிலிருந்து இறக்கினாள். "உங்க சார் எங்க?"

"இங்கதான் நிக்கறாரு. கீழ."

"அவர்கிட்ட குடு."

சிக்னலின் குரல் வேறாக இருந்தது. மேலே அந்தக் கண்ணாடி அறையில் அவர் கத்தவே தேவையில்லை. இங்கே ஜன்னல் கம்பியை யாரோ சாவியால் தட்டிக்கொண்டிருந்தார்கள், அதற்கு மேல் அவர் பேச வேண்டியிருந்தது. "மேடம், அந்த நம்பர் கொஞ்சம்…"

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கே சார்."

அவர் பின்னால் ஒரு பெண் குரல் தெளிவாகக் கேட்டது. "தியேட்டருக்குக் கையுறை வேணும் சார், பேஷண்ட்ட மேஜையில போட்டாச்சு, எவ்ளோ நேரம் நிக்கறது?"

அண்ணிக்கு அதில் ஜெயித்த சந்தோஷம் எதுவும் வரவில்லை. அந்த மேஜை எவ்வளவு குளிரும் என்பது அவளுக்குத் தெரியும், அதுதான் நினைவுக்கு வந்தது.

"நான் சொன்னா இன்னொரு தடவ குடுத்த குத்தம் ஆகும். எழுதுவீங்களா?"

"இல்ல. இது அவசரம்."

"அங்க தினமும் அவசரம்தான் சார்."

"மேடம், ப்ளீஸ்."

அவள் எண்ணைப் படித்தாள். தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ரீஸ்டார்ட், "காலாவதியாயிடுச்சு, புதுசு வரும்" என்றான். இன்னொன்று வந்தது. அதையும் படித்தாள். "புது பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும் அண்ணி?" என்று கேட்டான். "உன் இஷ்டத்துக்கு வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

சின்னவன் மனைவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னக்கா, லீவு நாள்லயும் உங்கள விட மாட்டேங்கறாங்க?"

"நான் இல்லன்னாலும் ஓடுது. நான் வேலைக்கு வந்ததா எழுதிக்கும்" என்றாள் அண்ணி. அவள் ஒரு சட்டையை உதறி மடித்தாள். சின்னவனுடையது. தோள்பக்கம் நைந்திருந்தது.

அன்று முழுவதும் அடித்தளத்தில் அவள் வேலை செய்தாள். வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள்.

இருட்டுவதற்கு முன் சிக்னலே கூப்பிட்டார். நாளைக்கு வந்துவிடச் சொன்னார். பணியிடை நீக்கத்தை எச்சரிக்கையாகக் குறைத்திருக்கிறார்கள், அது அவள் கோப்பில் இருக்கும். ஆறு பேரின் லாகினையும் திறந்தாயிற்று, இனி அவரவர் பெயரில்தான். அந்த ரிப்போர்ட்? திரும்ப வாங்கியாயிற்று. மேற்பார்வையாளர் பதவி? அது அந்த ரிப்போர்ட்டோடு போயிற்று. அடுத்து எப்போது கணக்குப் பார்ப்பீர்கள் என்று அண்ணி கேட்டாள். மூன்று மாதம் கழித்து என்றார்.

"கம்ப்யூட்டர்?"

"புகார் டிக்கெட் போடுங்க மேடம். பாக்கலாம்."

சின்னவனுக்கு விஷயம் சாப்பிடும்போது தெரிந்தது, அண்ணியே சொன்னாள். அவன் தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு "அந்தச் சம்மதத்த நான்தானே அமுக்கினேன்" என்றான்.

"ஆமா. சாப்பிடு."

மறுநாள் காலை கார்டுக்குக் கதவு திறந்தது. கம்ப்யூட்டரைப் போட்டு, ஜன்னலைத் துடைத்து, டீக்குத் தண்ணீர் வைத்தாள். முதல் ஆளுக்கு டிரிப் குழாய் எடுத்துக் கொடுத்து அவள் பெயரில் பதிந்தாள். இரண்டாவது ஆளுக்குச் சின்னவன் கையுறைப் பெட்டியைத் தோளில் தூக்கிவந்தான். பழக்கத்தில் அவள் தோளுக்கு மேலே கையை நீட்டினான். அண்ணி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். தன் பெயரை மூடினாள்.

"அண்ணி, ஒரே ஒரு பெட்டி."

"உன் பேர்ல போடு."

அவன் தன் பாஸ்வேர்டைத் தப்பாகத் தட்டினான், மறுபடி தட்டினான். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. ஜன்னலில் ஒருவர் எட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். வரிசை லிஃப்ட் பக்கம் நீண்டது. யாரோ சாவியால் கம்பியைத் தட்டினார்கள். அன்று அவளுக்கு டீ ஊற்றி வைத்தவன் "அண்ணி, இன்னிக்கு ஒருநாள் மட்டும் உங்க பேர்லயே விட்டுடலாமே, பாவம் நிக்கறாங்க" என்றான். சுவரிலிருந்த போன் அடித்தது. நாலாவது மாடியிலிருந்துதான் என்று பார்க்காமலே எல்லோருக்கும் தெரியும். யாரும் எடுக்கவில்லை.

அண்ணி பெட்டியொன்றின் மேல் உட்கார்ந்து முட்டியை நீவிக்கொண்டாள்.

"இன்னும் சுத்துது அண்ணி."

"சுத்தட்டும்."